எட்டாம் மடை வரைக்கும்

நவம்பர் 12, புதன்

தெய்வசிகாமணி இன்று நான் வேலை பார்க்கிற ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கே வந்துவிட்டார். சர்க்கரை பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்று ஊசியைப் பிரித்தால், "அட, அத வெய்யுங்க அம்மிணி. நான் ரத்தம் குடுக்க வரலீங்க, உங்க உசுர வாங்க வந்திருக்கறேன்" என்றார். வெறும் வயிற்றோடு பெஞ்சில் காத்திருந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். அச்சகம் நடத்துகிறவர், எங்கள் ஊர் சைக்கிள் குழுவுக்குத் தலைவர், வாய் ஓயாத மனுஷர். இந்த டைரிகூட அவர் அச்சகத்தில் போட்டு இலவசமாகக் கொடுத்ததுதான்.

விஷயம் இது. டிசம்பர் 21 ஞாயிற்றுக்கிழமை குழு ஒரு பெரிய ஓட்டம் வைக்கிறது. தார் ரோடே கூடாதாம். முழுக்க வாய்க்கால் கரைச் சரளை, தென்னந்தோப்புத் தடம், மேட்டுக்காட்டு மண் வழி. திருப்பூர், கோயமுத்தூரில் இருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். அதற்குப் பாதை போட்டுக் கொடுத்து, அன்றைக்கு முன்னால் ஓட்டிப் போக வேண்டியது நான்.

"எனக்குப் பாதை தெரியாதுங்க" என்றேன்.

"இதென்னங்க கூத்து! திருமூர்த்திகூட ஞாயித்துக்கெழம தவறாமப் போனவங்க நீங்க. உங்களுக்குத் தெரியாதுன்னா வேற ஆருக்குத் தெரியும்?"

நான் பிகு பண்ணுகிறேன் என்று அவருக்கு நினைப்பு. சத்தியமாகத் தெரியாது. பத்து வருஷத்துக்கு மேலாக அந்தக் கரையில் ஓட்டியிருக்கிறேன். பார்த்ததெல்லாம் என் வீட்டுக்காரர் திருமூர்த்தியின் முதுகும் அவருடைய பின்சக்கரமும்தான். எங்கே வளைவு, எங்கே பிரிவு என்பதெல்லாம் அவர் பாடு. நான் பின்னால் போனேன், திரும்பி வந்தேன்.

சரி என்று எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. சொல்லிவிட்டேன்.

காலையில் கேட் பக்கம் மறுபடி அந்தச் சத்தம். டக், டக், டக். முருங்கை மரத்து அணிலாக இருக்கும்.

நவம்பர் 13, வியாழன்

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. இரண்டு டம்ளர் காப்பி கலந்து இரண்டையும் நானே குடித்தேன். வீணாக்குவானேன்.

நவம்பர் 16, ஞாயிறு

என் சைக்கிளுக்குக் காற்றடித்து, சங்கிலிக்கு எண்ணெய் விட்டு, விடிந்ததும் கிளம்பினேன். நல்ல மேகமூட்டம். வாய்க்காலில் தண்ணீர் கரை தொட்டுப் போகிறது. நடவு முடிந்து வயலெல்லாம் பச்சை கட்டியிருக்கிறது. இதையெல்லாம் இன்றைக்குத்தான் முதல் முறையாகப் பார்க்கிறேன் என்பதை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

முதல் மடை வரை சிரமமில்லை. மடை என்றால் வாய்க்காலிலிருந்து வயலுக்குத் தண்ணீர் திறக்கிற மதகு. வரிசையாக எண் போட்டுக் கல் நட்டிருக்கிறார்கள். மூன்றாம் மடைக்குப் பக்கத்தில் கரை இரண்டாகப் பிரிந்தது. எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் சட்டென்று நின்றுவிட்டேன். நின்ற பிறகு கிளம்ப முடியவில்லை. கடினமான கியரில் நின்றிருக்கிறேன், சக்கரம் சரளையில் புதைந்து கிடக்கிறது, பெடல் அசைவேனா என்கிறது.

இதற்கு அவர் எத்தனை முறை திட்டியிருப்பார். "நிக்கறதுக்கு முந்தியே பெரிய பல்லுக்குப் போயிரு புள்ள. இல்லாட்டி திரும்பக் கெளம்பறப்ப உன்ற முட்டி அழும்." பின்சக்கரத்தில் அடுக்கடுக்காக இருக்கிற பல்சக்கரங்களில் பெரியதில் சங்கிலி கிடந்தால் மிதிப்பது லேசு, சின்னதில் கிடந்தால் கடினம். நிற்கப் போகிறவன் முன்கூட்டியே பெரியதுக்கு மாற்றிவிட்டு நிற்க வேண்டும். சரளையில் ஓட்டுகிறவர்களுக்கு இது பாலபாடம். எனக்கு மட்டும் ஏறவே இல்லை.

இறங்கி, சைக்கிளைத் தூக்கிக் கெட்டித் தரையில் வைத்து மறுபடி ஏறினேன். நிமிர்ந்து பார்த்தால் குழப்பமாக இருந்தது. அதனால் எப்போதும் போலத் தலையைக் குனிந்துகொண்டேன். உடனே எல்லாம் சரியாகிவிட்டது. குழி என்றால் அவர் ஒரு விரலைக் கீழே காட்டுவார். மணல் என்றால் கையை விரித்து ஆட்டுவார். நிற்கப் போகிறார் என்றால் உள்ளங்கை முதுகுக்குப் பின்னால் வரும். விரல் கீழே போன இடத்திலெல்லாம் குழி இருந்தது. கை ஆடிய இடத்தில் மணல் இருந்தது. பிரிவில் வலது கை நீண்டது, வலப்பக்கம் போனேன், அதுதான் வழி.

பார்த்தேன் என்று எழுத மாட்டேன். ஞாபகம் வந்தது என்று எழுதுகிறேன்.

ஏழாம் மடையோடு திரும்பிவிட்டேன். வெயில் ஏறிவிட்டது.

நவம்பர் 18, செவ்வாய்

சிலிண்டர் வந்தது. சாமான் அறையை ஒழிக்க வேண்டும். இன்றைக்கு வேண்டாம், தும்மல் வரும்.

நவம்பர் 20, வியாழன்

மகள் தாரணி கோவை விடுதியிலிருந்து பேசினாள். மூன்றாம் வருஷப் பரீட்சை நெருங்குகிறது, சாப்பாடு பிடிக்கவில்லை, துணி காயவில்லை. எல்லாம் சொல்லி முடித்த பிறகு, "நீங்க கரைக்குப் போறீங்களாமா?" என்றாள். குழுவில் யாரோ படம் போட்டிருக்கிறார்கள்.

"பாதை போடோணும்னு தெய்வசிகாமணி கேட்டாரு சாமி."

"வேற ஆருமே கெடைக்கலியாமா?"

அவளே மெதுவாக மேலே சொன்னாள். "அப்பா நம்மள வேண்டாம்னுட்டுப் போயிட்டாரும்மா. நீங்க ஏன் இன்னும் அவரு பின்னாலயே போறீங்க?"

அப்படிப் பேசக் கூடாது என்று சொல்லியிருக்க வேண்டும். இல்லை கண்ணு, அப்படி இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். துணியை மின்விசிறிக்குக் கீழே காயப்போடு என்றேன்.

நவம்பர் 23, ஞாயிறு

தெய்வசிகாமணியும் வந்தார். அவர் பேசிக்கொண்டே ஓட்டுவார், மூச்சு வாங்க வாங்கவும் பேசுவார். ஐந்தாம் மடை வந்ததும் என் பக்கத்தில் வந்து, "ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. தடம் பூராவும் உங்களுக்குத்தான் கெடக்குது. ஏன் இப்பிடி ஓரத்துலயே, முன்னால ஒரு சைக்கிளுக்கு எடம் உட்டாப்புல ஓட்டறீங்க?" என்றார்.

அப்படியா ஓட்டுகிறேன் என்று கேட்டேன். ஆமாம் என்றார். எதிர்க்காற்று வந்தபோது நான் குனிந்து யாருக்கோ பின்னால் பதுங்கினேனாம். சிரிக்கத்தான் சொன்னார். ஆனால் சொல்லி முடித்ததும் அவருக்கே சிரிப்பு வரவில்லை.

ஏழாம் மடையில் நிறுத்தி என் யோசனையைச் சொன்னேன். இங்கிருந்து கரையை விட்டு இறங்கி, தோப்பு வழியாகப் போய், பத்தாம் மடையில் மறுபடி கரை ஏறலாம்.

"கெட்டுது போங்க. எட்டுக்கும் பத்துக்கும் நடுவுலதானுங்க இந்தக் கரையோட அழகே இருக்குது. ரெண்டு பக்கமும் புங்கமரம். அத உட்டுப்போட்டுத் தோப்புக்குள்ள போயித் தேங்கா பொறுக்கறதா?" என்று ஆரம்பித்தவர் பாதியிலேயே நிறுத்திவிட்டார். "மன்னிச்சுக்குங்க அம்மிணி. எனக்குக் கூறே இல்ல" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

எட்டாம் மடையில்தான் போன வருஷக் கார்த்திகையில் என் வீட்டுக்காரர் போனார். புதன்கிழமை. வார நாளில் அவர் தனியாகத்தான் போவார். நான் வேலைக்குக் கிளம்பும் முன்னால் வந்துவிடுவார். அன்றைக்கு வரவில்லை. மத்தியானம் பதினோராம் மடைத் தடுப்பில் கிடைத்தார். சைக்கிள் மட்டும் எட்டாம் மடைக் கல்லில் ஒழுங்காகச் சாய்ந்து நின்றிருந்தது. ஹெல்மெட் கைப்பிடியில் மாட்டியிருந்தது.

கால் வழுக்கி விழுந்தது என்று போலீஸ் காகிதத்தில் எழுதினார்கள். இழவுக்கு வந்தவர்கள் என் காதில் விழாது என்று நினைத்துப் பேசினார்கள். நீச்சல் தெரிந்த ஆள். வேலை பார்த்த மில்லை மூடின நாளிலிருந்து பேச்சே இல்லை. விழுகிறவன் ஹெல்மெட்டைக் கழற்றி மாட்டிவிட்டா விழுவான். நாலாம் நாள் தாரணியும் அதையே என்னிடம் கேட்டாள்.

அந்தப் புதனுக்கு முந்திய வாரம் அவர் ஒன்று சொன்னார். "இனிமேலு நீ முன்னால ஓட்டிப் பழகோணும்." யாரிடமும் இதைச் சொன்னதில்லை. தாரணியிடமும்தான்.

நவம்பர் 27, வியாழன்

நேற்றிலிருந்து மழை. கேட்டின் கொக்கிதான் காற்றில் ஆடிச் சத்தம் போடுகிறது என்று தோன்றியது. கம்பி போட்டு இறுக்கிக் கட்டினேன்.

நவம்பர் 28, வெள்ளி

இன்றும் சத்தம் கேட்டது, கம்பி கட்டினபடியே இருக்கிறது. அணிலாகத்தான் இருக்க வேண்டும்.

அவருடைய சத்தமும் அப்படித்தான் இருக்கும் என்பதற்காகச் சொல்லவில்லை. ஓட்டம் முடிந்து வந்தால் கேட்டருகே நின்று கியர் லீவரைக் கடைசி வரைக்கும் டக் டக்கென்று அழுத்துவார். அப்புறம் சீட்டைத் தூக்கிப் பிடித்துப் பெடலை ஒரு சுற்று சுற்றுவார். சங்கிலி ஒவ்வொன்றாக இறங்கிச் சின்னப் பல்லில் போய் உட்காரும். அப்போதுதான் கியர் கம்பி தளருமாம். ராத்திரி முழுக்க அதை இழுத்துக் கட்டி வைப்பது பாவமாம். "மாட்டுக்குக் கவுறு தளத்தி உடறதில்லியா, அது மாதிரிதான்" என்பார். கம்பிக்கு இருக்கிற கரிசனம் கட்டினவளுக்கு இல்லை என்று நான் கிண்டல் பண்ணுவேன். ஒரு நாள்கூடத் தவறவிட்டதில்லை. அந்தச் சத்தம் கேட்டதும் நான் பாலை அடுப்பில் வைப்பேன். தாரணி சின்னப் பிள்ளையில் அதைக் கேட்டுத்தான் பள்ளிக்கூடத்துக்கு எழுந்திருப்பாள்.

டிசம்பர் 3, புதன்

தெய்வசிகாமணி போன் செய்தார். திருப்பூரிலிருந்து முன்னாடி வந்து பாதை பார்க்கிற ஒருவருக்குச் சைக்கிள் சட்டம் விரிசல் விட்டுவிட்டதாம். அவரும் என் வீட்டுக்காரர் உயரம்.

"திருமூர்த்தி சைக்கிளு சும்மாதான நிக்குது. ஒரு நாளைக்கு மட்டுமுங்க. நாஞ் சர்வீஸ் பண்ணிக் குடுத்தர்றேன். கஷ்டமா இருந்தா வேண்டாம்."

"எடுத்துக்குங்க, எனக்கென்ன கஷ்டம்" என்றேன். அடுத்த வாரம் வியாழக்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அது 11ஆம் தேதி. என் வீட்டுக்காரர் போய் வருஷம் திரும்புகிற நாள் என்பது அவருக்கு ஞாபகமில்லை. நானும் சொல்லவில்லை.

அந்தச் சைக்கிளைத் தெய்வசிகாமணிதான் அன்றைக்கு உள்ளே கொண்டுவந்து சாமான் அறையில் வைத்தார். மேலே ஒரு பழைய போர்வையைப் போட்டேன். அதற்கப்புறம் அந்தப் பக்கம் போகவில்லை. தும்மல் வரும் என்று சொன்னேனே.

டிசம்பர் 7, ஞாயிறு

இன்று எட்டாம் மடைக்குப் போனேன்.

போவதாக உத்தேசமில்லை. ஏழாம் மடையில் தோப்புக்கு இறங்க வேண்டிய இடத்தில் அவர் கை ஒன்றும் காட்டவில்லை. நேராகவே போயிற்று. நானும் போனேன். புங்கமர நிழல் வந்தது. கொஞ்ச தூரத்தில் உள்ளங்கை முதுகுக்குப் பின்னால் வந்தது. நின்றேன். எட்டாம் மடைக் கல்.

அங்கே மாரப்பன் இருந்தார். மதகு திறந்து மூடுகிற லஸ்கர். அன்றைக்குச் சைக்கிளை முதலில் பார்த்தவர் அவர்தான். என்னைத் தெரிந்ததும் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"நீங்க ஒரு நா வருவீங்கன்னு தெரியுமுங்கம்மா. ஊட்டுக்கு வந்து சொல்லலாம்னா எனக்குக் காலு வரலீங்க."

என்ன பார்த்தார் என்று கேட்டேன். விடியற்காலம் பனி இறங்கியிருந்தது. மாரப்பன் ஒன்பதாம் மடைப் பக்கமிருந்து வந்தார். சைக்கிள் நின்றது, ஹெல்மெட் தொங்கியது, ஆள் இல்லை. ஓரமாக ஒதுங்கப் போயிருப்பார் என்று நினைத்து மதகு வேலையைப் பார்த்தாராம்.

"இந்தப் படி இருக்குது பாத்தீங்களா, பூராப் பாசி. துண்ட நனைச்சு மூஞ்சி தொடைக்கறதுக்கு அவுரு இதுல எறங்கிப் பாத்திருக்கறேன். வேண்டாமுங்க, வழுக்குமுங்கன்னு நானே சத்தம் போட்டிருக்கறேன். ஆனா அன்னிக்கு எறங்குனாரா, என்ன பண்ணுனாருன்னு நாம் பாக்கலீங்கம்மா. பாக்காதத எப்பிடிச் சொல்லறது. நீச்சல் தெரிஞ்சாலும் மதகு தெறந்திருந்தா தண்ணி அடியில இழுக்குமுங்க, அது மட்டும் நெசம்."

நல்ல மனுஷர். எனக்கு வேண்டியதைச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். பார்க்காததைச் சொல்ல மாட்டேன் என்கிறார்.

"சைக்கிளை யாராச்சும் ஓட்டுனாங்களா?" என்று கேட்டேன். எதற்குக் கேட்டேன் என்று இப்போதும் தெரியவில்லை. யாரும் அதில் ஏறிவிடக் கூடாது என்ற எண்ணமாக இருக்கும்.

"ஆரு ஓட்டறது? நானும் டிரைவரும் அலாக்காத் தூக்கி டாட்டா ஏஸ்ல படுக்க வெச்சமுங்க."

படியில் போய் உட்கார்ந்தேன். தண்ணீர் பாதத்துக்குக் கீழே சத்தமில்லாமல் ஓடியது. மாரப்பன் கொஞ்ச தூரம் தள்ளிப் போய் நின்றுகொண்டார், ஆனால் என்னை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. என்ன நினைத்தேன் என்பதை எழுதப் போவதில்லை. "எந்திரிச்சு மேல வாங்கம்மா" என்று அவர் இரண்டாம் முறை சொன்ன பிறகுதான் எழுந்தேன்.

டிசம்பர் 8, திங்கள்

விடுப்பு போட்டேன். தோசை மாவு புளித்துவிட்டது.

டிசம்பர் 10, புதன்

கையைக்கூடக் கழுவாமல் எழுதுகிறேன்.

நாளைக்குத் தெய்வசிகாமணி வருவார். தூசியும் தும்புமாகவா சைக்கிளைக் கொடுப்பது என்று சாயங்காலம் சாமான் அறையைத் திறந்தேன். போர்வையை எடுத்தேன். முதலில் கோபம்தான் வந்தது, என்மேல். அவர் பல் விளக்குகிற பிரஷ்ஷைவிடச் சுத்தமாக வைத்திருந்த சங்கிலி முழுக்கத் துரு. அன்றைக்கு இறங்கின பனியும், அப்புறம் இரண்டு மழைக்காலமும் சேர்ந்து கண்ணிக்குக் கண்ணி ஒட்டிப்போய்ப் பல்சக்கரத்தோடு ஒரே துண்டாக இறுகிக் கிடந்தது. துணியால் துடைத்தேன். துரு பொடிப்பொடியாகக் கையில் வந்தது. துடைத்துக்கொண்டே போனேன், சின்னப் பல்லில் சங்கிலியைக் காணவில்லை.

சங்கிலி பெரிய பல்லில் இருந்தது.

விளக்கை அருகே கொண்டுவந்து மறுபடி பார்த்தேன்.

எழுதினால்தான் எனக்கே நிற்கும். பெரிய பல்லில் யார் வைப்பார்கள்? நின்றுவிட்டுத் திரும்பக் கிளம்பப் போகிறவர்கள். ஓட்டம் முடிந்துவிட்டால் அவர் எதில் வைப்பார்? சின்னதில். லீவரை அழுத்தி, சீட்டைத் தூக்கி, பெடலைச் சுற்றி, கம்பியைத் தளர்த்திவிட்டுத்தான் மறுவேலை. காய்ச்சலோடு வந்த நாளிலும் செய்தார். மில்லை மூடிவிட்டார்கள் என்று தெரிந்து வந்த நாளிலும் கேட்டில் நின்று செய்தார், நான் ஜன்னலில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பழக்கதோஷத்தில் பெரியதுக்கு மாற்றியிருக்கலாமே என்று எனக்கு நானே கேட்டுப் பார்த்தேன். மாற்றியிருக்கலாம். ஆனால் ஹெல்மெட்டைக் கழற்றி ஒழுங்காக மாட்டுகிற அளவுக்கு நிதானம் இருந்த ஆள், அதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்த ஆள், கம்பியை இழுத்துக் கட்டினபடியே விட்டுவிட்டுப் போவாரா? போக மாட்டார். எனக்குத் தெரியும். வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். படியில் இறங்கி, துண்டை நனைத்து, முகம் துடைத்துக்கொண்டு, ஏறி வந்து மிதிக்கத்தான் நின்றிருக்கிறார்.

நடுவில் யாராவது லீவரைத் தட்டியிருப்பார்களோ என்ற பயம் வந்தது. தெய்வசிகாமணிக்குப் போன் போட்டேன். "நாந்தான் கேட்டுலருந்து உருட்டிட்டுப் போயி வெச்சேன். ஏறக்கூட மனசு வரலீங்க. ஏனுங்க?" என்றார். உருட்டினால் சங்கிலி மாறாது. பெடல் சுற்றினால்தான் மாறும். மாரப்பன் தூக்கித்தான் வைத்தார். அதற்கப்புறம் இந்தத் துரு யாரையும் தொடவிடவில்லை. நான் எண்ணெய் விட்டுப் பராமரித்திருந்தால் எல்லாம் போயிருக்கும்.

சைக்கிளைக் கொடுக்க முடியாது என்றேன். அவர் ஏனென்று கேட்கவில்லை. "நாளைக்குப் பதினொண்ணுங்களா? நான் ஒரு மடையன் அம்மிணி" என்றார்.

தாரணிக்குப் போட்டேன். எப்படிச் சொல்வதென்று தெரியாமல் எடுத்த எடுப்பில், "அப்பா சைக்கிளு பெரிய பல்லுல நிக்குது சாமி" என்றேன்.

அதற்குமேல் அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

"சின்னதுல இல்லியாம்மா?"

"இல்ல."

"நல்லாப் பாத்தீங்களா?"

"நல்லாப் பாத்தேன்."

என் மகள் அழுததை நான் ஒரு வருஷமாகக் கேட்கவில்லை. இழவு வீட்டில்கூட அழவில்லை அவள். இன்றைக்கு அழுதாள். "அப்ப வரத்தான இருந்தாரு" என்று திரும்பத் திரும்பச் சொல்லி அழுதாள். நான் துரு அப்பின கையோடு போனைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தேன். ஓடிப் போய்க் கட்டிக்கொள்ள முடியவில்லையே என்றிருந்தது.

அவர் போவதற்கு முந்திய வாரம் சொன்னதையும் இன்றைக்கு அவளிடம் சொல்லிவிட்டேன். முழுசாகச் சொன்னேன். இத்தனை நாளும் நான் பாதியைத்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். "இனிமேலு நீ முன்னால ஓட்டிப் பழகோணும். எத்தன வருசந்தான் என்ற முதுகயே பாத்துட்டு வருவே? ஊரப் பாரு புள்ள."

டிசம்பர் 11, வியாழன்

தாரணி முதல் பஸ்ஸில் வந்துவிட்டாள். வருஷச் சடங்குக்கு அய்யர் வந்தார், போனார். வடை நன்றாக வந்தது. அவருக்குப் பிடித்த மாதிரி மிளகு தூக்கலாகப் போட்டேன்.

டிசம்பர் 13, சனி

நேற்றும் இன்றும் இதே வேலை. மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, கண்ணி கண்ணியாக அசைத்து எடுத்தோம். லீவர் பக்கம் கை போகக் கூடாது என்று தாரணி அதன்மேல் துணி சுற்றிக் கட்டிவிட்டாள். டயர் இரண்டும் மாற்றியாயிற்று. சங்கிலி பெரிய பல்லிலேயே சுற்றுகிறது.

டிசம்பர் 14, ஞாயிறு

டாட்டா ஏஸ் வாடகைக்குப் பேசி இரண்டு சைக்கிளையும் ஏற்றி எட்டாம் மடைக்குப் போனோம். அவர் சைக்கிளை அதே கல்லில் சாய்த்து வைத்தேன். மாரப்பன் பார்த்துக்கொண்டு நின்றார், என்ன ஏதென்று கேட்கவில்லை. தாரணி படியருகே போய்க் கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அப்புறம் நான் அவர் சைக்கிளில் ஏறினேன். சீட் உயரம். கால் நுனிதான் எட்டியது. சரளையில் கிளம்ப முடியாது என்றுதான் நினைத்தேன். முதல் மிதி லேசாக இருந்தது. அவர் தனக்கென்று மாற்றி வைத்துவிட்டுப் போனது எனக்கு உதவியது. அழுதுகொண்டேதான் கிளம்பினேன், அதனால் கொஞ்சம் கோணலாகப் போனேன்.

என் சைக்கிளில் தாரணி பின்னால் வந்தாள். அவள் பள்ளிக்கூடத்தோடு ஓட்டுவதை விட்டவள். அதனால் நான் தலையைக் குனிய முடியாது. நிமிர்ந்து பார்த்தே ஓட்டினேன். எனக்கு முன்னால் கை எதுவும் இல்லை. தேடினேன், இல்லை. ஆறாம் மடைத் திருப்பத்தில் பெரிய குழி ஒன்று வந்தது. என் இடது கை தானாகக் கீழே போய் விரலைக் காட்டியது. பின்னால் சரளை நெரிகிற சத்தம் வலப்பக்கம் ஒதுங்கிப் போனது.

"பாத்தாச்சும்மா" என்றாள்.

வீட்டுக்குக் கொஞ்சம் முன்னால் அவளை வேகமாகப் போகச் சொன்னேன். அவள் உள்ளே போய்விட்டாள். கேட்டருகே நான் இறங்கினேன். லீவரைச் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தேன். ரொம்ப நேரம் அப்படியே நின்றிருந்தேன் என்று நினைக்கிறேன். எதிர்வீட்டு அம்மா வாசலுக்கு வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

டக், டக், டக், கடைசி வரைக்கும். சீட்டைத் தூக்கினேன். பெடலைச் சுற்றினேன். சங்கிலி ஒவ்வொன்றாக இறங்கிச் சின்னப் பல்லில் போய் உட்கார்ந்தது. கம்பியைத் தொட்டுப் பார்த்தேன். தளர்ந்திருந்தது.

சமையலறையில் தாரணி அடுப்பைப் பற்றவைக்கிற சத்தம் கேட்டது.

டிசம்பர் 15, திங்கள்

தாரணி காலை பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனாள். தெய்வசிகாமணியிடம் பாதையைச் சொல்லிவிட்டேன். தோப்பு வழி வேண்டாம், ஏழு, எட்டு, ஒன்பது, பத்து என்று கரையோடேதான். எட்டாம் மடைப் படிக்குக் குறுக்கே கயிறு கட்டி, யாரும் இறங்காமல் பார்த்துக்கொள்ள இரண்டு பேரை நிறுத்தச் சொன்னேன். மாரப்பனும் நிற்கிறேன் என்றாராம்.

எழுத வந்தது அதுவல்ல. காலையில் வழக்கமான நேரத்துக்குப் பாலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சமையலறையில் நின்றிருந்தேன். அடுப்பைப் பற்றவைக்கவில்லை. அந்த டக், டக், டக்குக்காகக் கேட் பக்கம் காதைக் கொடுத்தபடி நின்றேன். அணில் வந்தது. முருங்கையிலிருந்து இறங்கி, கேட்டின் மேல் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓடியது, திரும்பி வந்தது, கொக்கியில் உட்கார்ந்து எதையோ கொறித்தது. அது ஒரு சத்தமும் போடவில்லை. எனக்குத் தாங்க முடியாமல் அழுகை வந்தது.